தேர்தல் நேரத்தில் கட்சிச் சண்டை: வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லதா?

கேள்வி இதுதான்: "மக்களவைத் தேர்தல் வந்தாலே வீட்டிலும் டீக்கடையிலும் கட்சிச் சண்டை. சொந்தக்காரர்களிடம் அரசியலே பேசாமல் ஒதுங்கிவிடுவது நல்லதா?"

ஒதுங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பேசுங்கள், சண்டை வந்தால் வரட்டும். ஆனால் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம். தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் (செடியைக் கத்தரித்துவிடும் வேலை) உழைத்தவர். 1947-ல் அங்கே நடந்த பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழர்கள் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அதன்பின் ஓட்டும் போனது. 1952 தேர்தலை அவர்கள் வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேறி இந்த மலைக்கு வந்த பிறகுதான் தாத்தாவுக்கு மறுபடி ஓட்டு கிடைத்தது. அதனால் "எவன் ஜெயிச்சா நமக்கென்ன" என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் பேச முடியாது. பாட்டி இருந்தவரை விடவே மாட்டார்.

2024 ஏப்ரலில் எங்கள் ஊர் இலை செட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, எடை போட்டு, ஃபேக்டரி லாரிக்காகக் காத்திருக்கும் தகரக் கொட்டகை அது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூட்டம் கூடும். மாமா உதயசூரியன். சித்தப்பா தாமரை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இரட்டை இலை. எங்கள் நீலகிரி தொகுதியில் அதே வரிசையில் அந்தக் கட்சிகளின் வேட்பாளர்கள் ஆ. ராசா, எல். முருகன், லோகேஷ் தமிழ்ச்செல்வன். கேட்க வேண்டுமா? தராசில் மூட்டை ஏறி இறங்குவது ஒரு பக்கம், இவர்கள் சத்தம் ஒரு பக்கம். முதல் அரை மணி நேரம் முழுக்க டி.வி.யில் கேட்ட பேச்சுதான். எந்தத் தலைவர் எவ்வளவு சேர்த்தார், யாருடைய பிள்ளை யார். இலை செட்டில் இருக்கிறோம் என்பதே அந்தப் பேச்சில் இல்லை.

அன்றைக்கு மழை பெய்திருந்தது. எடை போடும் தம்பி ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்துக் கழிவு எழுதினார். சித்தப்பா துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கழிச்சா எனக்கு என்னப்பா மிஞ்சும்? இதைக் கேட்கத்தான் மத்தியில ஆளுங்கட்சி எம்.பி. வேணும்ங்கிறேன்" என்றார். "பத்து வருஷமா மத்தியில யாரு மாப்ள இருக்கா? நீங்கதானே? இலை விலை ஏறுச்சா?" என்று மாமா பிடித்துக்கொண்டார். "அஞ்சு வருஷமா எம்.பி. உங்க ஆளு மச்சான். அவரு என்ன கேட்டாருன்னு சொல்லுங்க." அதற்குள் அண்ணன், "ஃபேக்டரிக்காரன் விலையைக் கட் பண்றதுக்கு டில்லி என்னய்யா செய்யும்?" என்றார்.

எனக்கு அண்ணனின் அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதற்கு உண்மையிலேயே பதில் உண்டு. தேயிலை வாரியம் 1953 தேயிலைச் சட்டத்தின் கீழ், மத்திய வணிக அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ஃபேக்டரிகள் தூள் விற்ற விலையைக் கணக்கில் எடுத்து, பச்சை இலைக்கு அந்த மாதம் சராசரியாக என்ன கொடுக்க வேண்டும் என்று மாவட்டவாரியாக அறிவிப்பது அந்த வாரியம்தான். அதை ஃபேக்டரி கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் அதற்குத்தான். நெல்லுக்கும் கோதுமைக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. பச்சைத் தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. இதையெல்லாம் கேட்கும் இடம் நாடாளுமன்றம். ஆனால் இண்ட்கோ கூட்டுறவு ஃபேக்டரி சரியாக நடக்கவில்லை என்றால் அது மாநில அரசின் விஷயம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்த டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமும் அப்படித்தான். இதைச் சொன்னதும் மூன்று பேருமே கொஞ்சம் நிதானமானார்கள். சண்டை நிற்கவில்லை. விஷயத்துக்கு வந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

நீலகிரியில் இந்தக் குழப்பம் நிறைய. இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. அந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். எனவே அதை எம்.பி. வேட்பாளரிடம் கேட்பது முழு நியாயம். கூடலூரில் ஐம்பது வருடத்துக்கு மேலாக இழுக்கும் பிரிவு 17 நிலப் பிரச்சினை, 1969-ல் தமிழக சட்டமன்றம் போட்ட ஜன்மி (பெருநிலக்கிழார்) ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவில் பிறந்தது; அதனால் அதை முதலில் கேட்க வேண்டிய இடம் மாநில அரசு. யானை ஊருக்குள் வருவதில் இரண்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. தெருவிளக்கு எரியாததற்கு யாரும் டில்லி போக வேண்டியதில்லை.

இன்னொன்று, மலையில் இருக்கும் நாம் அடிக்கடி மறப்பது. நீலகிரி மக்களவைத் தொகுதி என்றால் மலை மட்டும் இல்லை. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் மேலே. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. அவிநாசியில் இலை விலை என்று பேசினால் யாருக்கும் புரியாது. அங்கே பேச்சு பனியன் கம்பெனி ஆர்டரைப் பற்றியும் அத்திக்கடவுத் தண்ணீரைப் பற்றியும்தான். "கீழே இருக்கிறவன் பணத்துக்கு ஓட்டுப் போட்டுட்டான்" என்று இங்கே சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது கோபம் வரும் பேச்சு. அவர்களுக்கும் வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

நோட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிக நோட்டா விழுந்தது எங்கள் தொகுதியில், 46,559. அந்த முறை பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட்டது. சித்தப்பா அந்தக் கோபத்தில் நோட்டாவை அழுத்திவிட்டு வந்து எல்லோரிடமும் சொன்னார். மாமா "ஓட்டை வீணாக்கிட்டீங்களே மாப்ள" என்று வருத்தப்பட்டார். நான் அதை வீண் என்று நினைக்கவில்லை. வரிசையில் நின்று, "இதில் யாரும் எனக்கு வேண்டாம்" என்று பதிவு செய்துவிட்டு வருகிறவர் அக்கறை இல்லாதவர் இல்லை.

பேச்சு எங்கே கெட்டுப்போகிறது என்றால், கட்சியிலிருந்து ஆளுக்குத் தாவும்போது. சாதி, மதம், அப்புறம் எங்களுக்கென்றே ஒன்று: "சிலோன்ல இருந்து வந்தவங்க எங்களுக்கு அரசியல் சொல்லித் தர்றீங்களா?" இதை ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அங்கே மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஓட்டுரிமை பறிபோனால் என்ன ஆகும் என்று அனுபவித்துப் பார்த்த குடும்பம் எங்களுடையது, உங்கள் ஓட்டும் என் ஓட்டும் ஒரே எடைதான் என்று அங்கேயே சொல்லிவிடுவேன். அதற்கு மேல் அவரோடு கட்சி பேச மாட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேச மாட்டேன். எதிரில் இருக்கும் ஆளின் முகம் வாடுவது அதில் தெரியாது, அதனால் வார்த்தை தடித்துவிடும். நேரில் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

ஜூன் 4-ம் தேதி ராசா ஏறக்குறைய 2.4 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முருகன் மறுபடி மத்திய இணை அமைச்சரானார். அந்த வாரம் செட்டில் சித்தப்பா, "சரி மச்சான், உங்க ஆளு ஜெயிச்சாச்சு, இனி இலை விலையைக் கேளுங்க" என்றார். "மந்திரி உங்க ஆளுதானே, நீங்களும் கேளுங்க" என்றார் மாமா. கடைசியில் ஒரே மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் மாமா முதல் கையெழுத்து, மற்றதில் சித்தப்பா முதல் கையெழுத்து. பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான் அதில். இரட்டை இலை அண்ணன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.