கேள்வி நேரமும் கடைசி பஸ்ஸும்

கேள்வி: ஏற்காட்டில் மூன்று மாலை, இலவசத் தத்துவச் சொற்பொழிவு. சுதந்திரம், மதம், வன்முறை என்று நாளுக்கு ஒரு தலைப்பு. ஜான் ஸ்டூவர்ட் மில், ஐசையா பெர்லின் என்று சுதந்திரத்தைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் தத்துவவாதிகள் எல்லாரும் பேச்சில் வந்துபோனார்கள். கூட்டம் கடைசிவரை அமைதியாகக் கேட்டது. இதனால் வன்முறை குறையுமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: குறைவது இருக்கட்டும். 'அமைதியாக' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமைதியாகத்தான் இருப்பார். வாயைத் திறந்தால் வருவது கேள்வியாக இருக்காது.

அப்புறம், நம் கூட்டங்களில் கேள்விக்கு நேரம் ஏது? வரவேற்புரை, அறிமுகவுரை, தலைமையுரை, வாழ்த்துரை, நடுநடுவே பொன்னாடை. போன மாதம் சேலத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பொன்னாடை 11, கேள்வி 1. அந்த ஒன்றும் "ஃபேன் போடுவீங்களா?" என்பது. பொன்னாடையைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் மேடைக்காரர் யாராவது சந்தாவை நிறுத்துகிறார். நிறுத்தட்டும்.

மில்லுக்கு வருவோம். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம். வியாபாரி வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் அதையே சொன்னால் தண்டிக்கலாம் என்று 1859-ல் 'சுதந்திரம் பற்றி' (On Liberty) என்ற புத்தகத்தில் எழுதினார். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் கேட்டால் கைதட்டுவார்கள். ஆனால் அதே புத்தகத்தில், நாகரிகமடையாத மக்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது, அவர்கள் முன்னேறும்வரை சர்வாதிகாரமே சரி என்றும் இருக்கிறது. 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர் அவர். சேலத்தில் வரி வசூலித்த அதே கம்பெனி. மேடையில் இதை யாராவது சொன்னார்களா?

மூன்று தலைப்புக்கும் லண்டன்வரை போக வேண்டியதில்லை. 1882-ல் சேலத்தில் ஊர்வலப் பாதையையும் பள்ளிவாசலையும் வைத்துக் கலவரம். தூண்டிவிட்டார் என்று நகராட்சி உறுப்பினர் விஜயராகவாச்சாரியாருக்கு 10 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலையானார். பறிபோன நகராட்சிப் பதவிக்கும் வழக்காடி ஜெயித்தார். 1920-ல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். மதம், வன்முறை, சுதந்திரம் மூன்றும் ஒரே ஆளிடம்!

1950 பிப்ரவரி 11. அடிப்படை உரிமைகளோடு அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 16 நாள்தான். சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு, கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். ஏற்காட்டுக்குக் காரில் ஏறிய பேச்சாளர், அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரைத் தாண்டித்தானே போயிருப்பார்? பிறர் தலையீடு இல்லாமல் இருப்பது, தன்னைத் தானே ஆள்வது என்று பெர்லின் பிரித்த இரண்டு வகைச் சுதந்திரத்தில் எது அந்த 22 பேருக்கு மறுக்கப்பட்டது என்று ஒருவராவது எழுந்து கேட்டாரா?

அதை நீங்கள் எழுதவில்லை. கடைசி பஸ் கிடைத்ததா என்றும் எழுதவில்லை.