காக்ளியர் இம்பிளான்ட் மேப்பிங்கை மாற்றினால் பேச்சு தெளிவாகப் புரியுமா?

காக்ளியர் இம்பிளான்டை, அதாவது உள்காதில் எலக்ட்ரோடுகளை வைத்துக் கேட்கும் நரம்பைக் கரன்டால் தூண்டும் கருவியை, ஸ்விட்ச் ஆன் செய்து ஆறு மாதம் ஆகியும் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை, மேப்பிங்கில், அதாவது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு கரன்ட் என்று அளவு வைப்பதில், சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே புலம்பலோடு போய் உட்கார்ந்தவன்தான். பெரும்பாலும் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் "சத்தத்தைக் கூட்டுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் அப்படித்தான் கேட்டேன். எல்லா எலக்ட்ரோடிலும் சி லெவலை, அதாவது உறுத்தாமல் தாங்கக்கூடிய உச்ச அளவை, ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மண்டையைப் பிளந்தது, யாராவது உரக்கப் பேசினால் கண் இமை துடித்தது, பேச்சோ முன்பைவிட மோசம். முகத்துக்குப் போகும் நரம்பு காக்ளியாவை, அதாவது எலக்ட்ரோடு இருக்கும் உள்காதுப் பகுதியை, ஒட்டித்தான் ஓடுகிறது, கரன்ட் அங்கேயும் கசிந்திருக்கிறது. அப்படிக் கசியவிட்ட ஒரு எலக்ட்ரோடை அணைத்ததும் துடிப்பு நின்றது. அதன் அலைவரிசையைப் பக்கத்து எலக்ட்ரோடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

என் உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. மகள் "அப்பா, காசு குடுங்க" என்றால் எனக்குக் "காது குடுங்க" என்று கேட்கும். 'பாசம்' 'பாதம்' ஆகிவிடும். அவளே இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த தடவை மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட் நோட்டைப் பார்த்ததுமே ஸ் சத்தம் உங்களுக்குப் போய்ச் சேரவில்லை, மேல் அலைவரிசை எலக்ட்ரோடுகளில் டி லெவல் குறைவாக இருக்கும் என்றார். டி லெவல் என்பது லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவு. அது குறைந்தால் மெல்லிய சத்தங்கள் காணாமல் போகும், கூடினால் சும்மா இருக்கும்போதே இரைச்சல் கேட்கும். ஸ் சத்தத்தின் பலம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான்.

ஏன் குறைவாகப் பதிவானது? தப்பு என்னுடையது. டி லெவல் பார்க்க மெல்லிய பீப் கொடுத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள்; காதுக்குள் எப்போதும் இருக்கும் இரைச்சலையே பீப் என்று நினைத்துக் கையைத் தூக்கியிருக்கிறேன். இந்த முறை கையைத் தூக்க வேண்டாம், எத்தனை பீப் கேட்டது என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றார், அப்புறம்தான் சரியான அளவு கிடைத்தது. உங்களுக்கும் காதில் இரைச்சல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேப்பிங்கால் ஆகாததும் உண்டு. நல்ல காதில் ஒலியை வாங்கும் உள்வரிசைச் செல்கள் மட்டும் சுமார் 3500, நமக்கு இருப்பதோ கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 எலக்ட்ரோடு. அமைதியான அறையில் பேச்சுக்கு அது போதும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் திணறத்தான் செய்யும். பல வருடம் எதுவும் கேட்காமல் இருந்த காது என்றால் மூளை பழகவும் நாளாகும், அதற்குத் தினசரி கேட்கும் பயிற்சிதான் வழி.

போகும்போது "சரியா கேக்கல" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வார்த்தை எதுவாகக் கேட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். பழைய மேப்பை, அதாவது பழைய அளவுகளை, கருவியின் இன்னொரு புரோகிராமில் வைத்துத் தரச் சொல்லுங்கள். வலியோ துடிப்போ இல்லாதவரை இரண்டு வாரமாவது புதியதிலேயே இருங்கள், எனக்கு முதல் நாள் எல்லோரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருந்தது.