சொல்லாமல் போன ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

தம்பி, கனடாவில், ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடை எடுத்து எட்டு மாதம் என்கிறீர்கள். கொத்துரொட்டி போடுகிறவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரவில்லை, போனும் எடுக்கிறார் இல்லை. அவருடைய இரண்டு கிழமைச் சம்பளத்தை மறித்து வைக்கலாமா, நட்டத்துக்கு வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டப்படி, சாதாரணமாக வேலையை விடுகிறவர் முன்கூட்டிச் சொல்லித்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் நோட்டிஸ் எழுதியிருந்தால் நட்டத்துக்கு வழக்காடலாம். ஆனால் சம்பளத்தில் நீங்களாக வெட்ட முடியாது. வழக்கறிஞருக்குக் கட்டும் காசில் புது ஆளுக்குச் சில மாதச் சம்பளமே கொடுத்துவிடலாம். கடைசிச் சம்பளம் 7 நாளுக்குள் அல்லது அடுத்த சம்பள நாளில், எது பிந்தியதோ அதற்குள் போய்ச் சேர வேண்டும். எடுக்காத விடுமுறைக்காக, உழைத்த சம்பளத்தில் 4 வீதமும் அதோடு சேரும். மறித்து வைத்தால் அவர் தொழில் அமைச்சில் இலவசமாக முறையிடலாம், அதற்கு 2 வருடம் அவகாசம் இருக்கிறது.

அதற்கு முதல், அவர் உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்று பாருங்கள். ‘மூன்று நாள் வராவிட்டால் வேலை போச்சு’ என்று எங்கள் ஆக்கள் சொல்லுவார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், ஊரில் செத்தவீடு என்று இரவோடு இரவாகப் பிளேன் ஏறியிருக்கலாம். இரண்டு கிழமை வேலை செய்தவருக்கே வருடத்தில் 3 நாள் சம்பளமில்லாத சுகவீன விடுப்பு உண்டு, அதற்கு டொக்டர் கடிதமும் 2024 ஒக்டோபர் கடைசியிலிருந்து கேட்க முடியாது. ஆகவே போன் எடுங்கள், குறுஞ்செய்தி போடுங்கள், ‘இந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வேன்’ என்று வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதமும் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருங்கள்.

பிறகு ஆர்ஓஈ பத்திரம், அதாவது ஆள் எவ்வளவு வேலை செய்தார், ஏன் நின்றார் என்று முதலாளி அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பதிவு. இணையத்தில் அனுப்புவதானால், இரண்டு கிழமைச் சம்பளக் காலம் முடிந்து 5 நாளுக்குள் போக வேண்டும். தானாக விட்டவருக்கு ‘ஈ’ குறியீடு. ஒரு மாதம் கழித்து வந்து, “அண்ணை, வேலை குறைவு என்று ‘ஏ’ போட்டுத் தாங்கோ, ஈஐ எடுக்கலாம்” என்று கேட்பார். ஈஐ என்பது வேலை இழந்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் காப்புறுதிக் காசு. இரக்கப்பட்டு எழுதினால் பொய்ப் பத்திரத்துக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். பாதிச் சம்பளத்தைக் காசாகக் கையில் கொடுக்கும் கடைகளில்தான் இப்படி நடப்பது அதிகம். பதிவில்லாமல் கொடுத்தால் அவருக்கு ஈஐக்கு மணித்தியாலமும் சேராது, ஓய்வூதியத்துக்கும் ஒன்றும் போகாது. பக்கத்துத் தெருவில் மணிக்கு ஒரு டொலர் கூடக் கிடைத்தால் அன்றைக்கே போய்விடுவார். அதில் நன்றிகெட்ட தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கடை அப்படியில்லை என்றால் நல்லது.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உணவு கையாளும் பயிற்சி முடித்த ஒருவராவது, கடை நடக்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. சின்னக் கடைகளில் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் சமையல்காரர் ஒருவரிடம்தான் இருக்கும். அவர் போன அன்று சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உங்களிடம் காட்ட ஒன்றும் இராது. நீங்களும் எடுங்கள், கல்லாவில் நிற்பவரும் எடுக்கட்டும். அந்தக் காசைக் கடைக் கணக்கிலேயே கட்டுங்கள். அப்புறம், கடைத் திறப்பு அவரிடம் இருந்தால் பூட்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.