ஞாயிறு மூன்று மணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பிபிசி அறிவிப்பாளர் ஜோனி வாக்கரின் வானொலி நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எழுபதுகளின் ஆங்கிலப் பாட்டெல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடக்கிறது. அப்படியிருக்க, வயதான ஒருவர் தெரிவுசெய்து போடும் பாட்டுக்காக ஞாயிறு தவறாமல் காத்திருந்ததில் என்ன இருக்கிறது? நீங்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அந்தப் பாட்டுகள் உங்கள் பழைய நினைவுகூட இல்லையே?

ர., மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

உண்மைதான். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் ஒலித்தது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மட்டுமே. இங்கிலாந்துக்கு வந்தபின், வேலைத்தலத்தில் ஏதாவது பழைய பாட்டின் முதல் அடி கேட்டதுமே என் வயதுக்காரர்கள் முகம் மலர்ந்து கூடப் பாடுவார்கள். நான் பேசாமல் நிற்பேன். அவர்களுக்கும் எனக்கும் ஒரே வயது, ஆனால் வேறு வேறு இளமை.

அந்த இளமையை எனக்குக் காட்டித்தந்தவர் வாக்கர். பிபிசி ரேடியோ 2இல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் தி செவன்டீஸ்’, 2009 முதல் ஞாயிறு பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. எனக்கு அது உடுப்பு மினுக்கும் நேரம். வானொலி யன்னல் கட்டின் மேல் இருக்கும். ஒரு பாட்டுக்கு முன்னால் நேயர் ஒருவரின் செய்தியை வாசிப்பார்: முதல் சம்பளத்தில் வாங்கிய இசைத்தட்டு, இறந்துபோன கணவருக்குப் பிடித்த பாட்டு. வாசித்துவிட்டு நீட்டி முழக்க மாட்டார். பாட்டு வந்துவிடும். அதற்குள் அந்தப் பாட்டு எனக்கும் கொஞ்சம் சொந்தமாகியிருக்கும். கைபேசி பாட்டைத் தரும், தம்பி. அந்த மனிசியைத் தராது.

நேயரோடு கதைக்கும் இந்த வித்தையை அவர் கடலில் கற்றவர். 1966இல், உரிமம் இல்லாமல் கரைக்கு அப்பால் நின்று ஒலிபரப்பிய ஒரு கப்பல் வானொலியில்தான் தொடங்கினார். பிறகு ரேடியோ கரோலைன் என்ற இன்னொரு கப்பல் வானொலி. அதன் கப்பல் எசெக்ஸ் கரையில் ஃப்ரின்டன் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டிருந்தது. இரவில் கடற்கரையில் கார்களை நிறுத்திவிட்டு அவர் நிகழ்ச்சியைக் கேட்பார்கள். அவர் கப்பலிலிருந்து கேள்வி கேட்பார். கரையிலிருந்து காரின் முன்விளக்குகளை மின்னி மின்னிப் பதில் சொல்வார்கள். கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே பேசிய அறிவிப்பாளர்! 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு சட்டம் அந்தக் கப்பல்களை முடக்கியது. மற்றவை ஓய்ந்தன. கரோலைன் ஓயவில்லை, அவரும் கப்பலை விட்டு இறங்கவில்லை. பின்னர் பிபிசியின் ரேடியோ 1க்கு வந்தும், தனித் தட்டாக வந்த பாட்டுகளோடு ஆல்பங்களிலிருந்தும் போட வேண்டும் என்று நின்று, 1976இல் வேலையை விட்டு அமெரிக்கா போனார்.

கடைசி வருடத்தில் நுரையீரல் நார்த்திசு நோய். வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சி செய்தார். வசனத்தின் நடுவில் மூச்சு எடுப்பது வானொலியில் துல்லியமாகக் கேட்கும். அந்த இடங்களில் நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். மூச்சு வரும், வசனம் முடியும், பாட்டு தொடங்கும். பெருமூச்சு விடுவது நானாக இருப்பேன்.

58 வருட வானொலி வாழ்க்கையின் கடைசி நிகழ்ச்சி 2024 ஒக்டோபர் 27. ஜூடி கொலின்ஸ் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ போட்டு முடித்தார். அந்த டிசம்பர் 31ஆம் தேதி காலமானார், வயது 79. அவர் நிகழ்ச்சியை விட்டதுமே பொப் ஹாரிஸ் அந்த நேரத்தை ஏற்றிருந்தார். அவரும் பழுத்த அறிவிப்பாளர், அவரையும் கேட்டேன்.

ஒக்டோபர் 27, இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் நாள். நிகழ்ச்சி முடிந்த ஐந்து மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. மேசையில் இன்னும் இரண்டு சட்டை மிச்சம் இருந்தது. வானொலியை நிறுத்திவிட்டு, லைட்டைக்கூடப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அன்புடன்,
அண்ணா