குடும்பப் படத்துக்கு எந்தப் புடவை, எந்தச் சட்டை?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்கப்போகிறோம். அம்மா புதிதாக வாங்கிய கிளிப்பச்சைப் பட்டைத்தான் கட்டுவேன் என்கிறார். அப்பாவுக்கு வெள்ளை வேட்டி, சட்டை. மற்றவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் துணி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே நிறத்தில் பத்துப் பேர் நெருங்கி நின்றால், யார் தோள் எங்கே முடிகிறது என்றே படத்தில் தெரியாது. அம்மாவின் புடவையிலிருந்து இரண்டு மூன்று நிறங்களை எடுத்து, ஆளுக்கொரு சாயலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கிளிப்பச்சை. பளீரென்ற துணியில் பட்ட வெளிச்சம் அப்படியே திரும்பித் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விழும். நம் மாநிறத்தில் அந்தப் பச்சைச் சாயல் படிந்தால் மஞ்சள்காமாலை வந்தவர் போல இருக்கும். அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ நிறங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் புதுப் பட்டு விஷயத்தில் அம்மாக்களை வாதாடி வென்றவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் ரவிக்கையை மட்டும் அரக்கில் தைக்கச் சொல்லுங்கள். கழுத்தை ஒட்டி இருப்பது அதுதானே. புடவையை முந்தின நாளே பிரித்துக் கொடியில் போட்டுவிடுங்கள். கடையில் மடித்த கோடுகள் கட்டம் கட்டமாகப் படத்தில் விழும். அகலக் கரையாக இருந்தால், நேர் ஃப்ளாஷ் அடிக்காமல் குடை விளக்கை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் ஜரிகை தன் பொன்னிறத்தை இழந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

அப்பாவின் பளிச் வெள்ளையும் சிக்கல்தான். முகம் தெளிவாக விழும் அளவுக்கு வெளிச்சம் வைத்தால் சட்டையின் மடிப்பும் பட்டனும் காணாமல் போகும். சந்தன நிறப் பட்டுச் சட்டை நல்லது. உள்ளே கை வைத்த பனியன் போடட்டும். கையில்லாத பனியனின் விளிம்பு மெல்லிய துணியில் அப்படியே தெரியும். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

ஆண்கள் பொடிக்கட்டச் சட்டையையும் நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டையையும் தவிர்க்க வேண்டும். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள், இல்லாத அலைகள் தெரியும். கேமராவின் சென்சாரிலும் நுண்ணிய புள்ளிகள் வலைபோல வரிசையாக இருக்கின்றன; சட்டையின் கட்டம் அதோடு மோதும்போது வானவில் நெளிவுகள் வந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளையின் சட்டையில் இதைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு இரவு கணினி முன் உட்கார்ந்து சரிசெய்தேன். முழுதாகப் போகவில்லை.

குழந்தைகளுக்கு எழுத்தும் பொம்மையும் போட்ட பனியன் கூடாது; கண் முதலில் அங்கேதான் போகும். முகத்துக்குப் பவுடரும், துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் கிரீமும் வேண்டாம். ஃப்ளாஷில் முகம் மாவு பூசியது போல வெளுக்கும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லோருடைய துணிகளையும் ஜன்னலோரக் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தத் துணி தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதை மாற்றிவிடலாம். பெரும்பாலும் அது அப்பாவின் சட்டையாகத்தான் இருக்கும்.