வேலூரிலிருந்து அந்தமான்: அளவான செலவில் போய்வர கேள்வி பதில்

அந்தமானுக்கு மூன்று தடவை போய்வந்திருக்கிறேன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. நான் டிராவல்ஸ் நடத்துபவன் இல்லை, சொந்தக் காசில் போனவன். அதனால் கணக்கு கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, மே மாதம் பசங்களுக்கு லீவு. அக்னி நட்சத்திரத்துக்கு இங்கே இருக்க முடியாது. அப்போது போகலாமா?

வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் வரும் ஆசைதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே அந்தமானில் இறங்கிவிடும். மே பாதியைத் தாண்டினால் மழை, கடல் கொந்தளிப்பு, படகு ரத்து. முழுப் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்பிவிடுங்கள். பசங்களுக்காகக் காத்திருக்க வேண்டாதவர்கள் ஜனவரி கடைசி, பிப்ரவரி பார்க்கலாம். கடல் அமைதியாக இருக்கும், கிறிஸ்துமஸ், பொங்கல் கூட்டமும் கலைந்திருக்கும். விமான டிக்கெட் விலை தேதியைப் பொறுத்துத்தான் ஏறி இறங்கும். தேதியில் மிச்சம் பிடித்தால் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

குடியாத்தத்திலிருந்து: கப்பலில் போனால் மலிவாமே?

டிக்கெட் மலிவு, நாட்கள்தான் செலவு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம், மாதத்துக்குச் சில கப்பல்கள்தான். பங்க் வகுப்பில் அடுக்குப் படுக்கை, கேன்டீன் சாப்பாடு. போக வர ஆறு நாள் கடலிலேயே போய்விடும். வேலைக்குச் சேரும் முன் நேரம் கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு அனுபவம். பத்து நாள் லீவில் வருகிறவர்களுக்கு விமானம்தான் சரி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

ஆற்காட்டிலிருந்து: சார், கணவன் மனைவி இரண்டு பேர். 40,000 ரூபாய்க்குள் முடியுமா?

முடியும், கையைக் கட்டிக்கொண்டு போனால். என் கணக்கு இது: போக வர விமானம் இரண்டு பேருக்கும் சேர்த்து 22,000, ஐந்து இரவு அறைக்கு 7,500, படகுகளுக்கு 4,000, சாப்பாடு 5,000. மிச்சம் 1,500 உள்ளூர் பஸ்ஸுக்கும் நுழைவுச் சீட்டுக்கும். விமான டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுக்காவிட்டால் முதல் வரியிலேயே கணக்கு உதைக்கும்.

பலர் செய்யும் தப்பு, ஐந்து நாளில் எல்லாத் தீவையும் பார்க்க நினைப்பது. ஒவ்வொரு தீவும் ஒரு படகுக் கட்டணம், ஒரு அரை நாள். ஹேவ்லாக்கை (இப்போது ஸ்வராஜ் தீவு) மட்டும் வைத்துக்கொண்டு அங்கே மூன்று இரவு தங்குங்கள். நீல் தீவு அழகுதான், அது அடுத்த தடவைக்கு. ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு அரசு பஸ் போகிறது. டாக்ஸி கேட்கும் காசில் ஒரு நாள் சாப்பாடே முடியும்.

இன்னொன்று, கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் அப்படி இல்லை. டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஒன்பது மணிக்கு எழுந்து டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பகல் அது, ஐந்தரைக்கே எழுந்துவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: விமானம் காலை 6 மணிக்கு. முந்தின நாளே சென்னையில் ரூம் போடணுமா?

வேண்டாம். இரவு பஸ் பிடித்துப் பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். பகல் விமானமாக இருந்தால் ரயிலில் சென்ட்ரல் வரை, அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேராக மெட்ரோ.

வேலப்பாடியிலிருந்து: அரசு படகா, தனியார் படகா?

விமானம் இறங்கும் போர்ட் பிளேரிலிருந்து (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக்குக்கு அரசு படகில் சில நூறு ரூபாய், இரண்டரை மணி நேரம். தனியார் படகு ஆயிரத்தைத் தாண்டும், ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும், ஏசி உண்டு. எனக்கு அரசு படகுதான் பிடிக்கும், மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதுதான் தொல்லை.

எதில் போனாலும் கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். முதல் தடவை நான் கடைசி நாள் காலை படகை நம்பி ஹேவ்லாக்கில் இருந்தேன். கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டார்கள். விமானம் போயிற்று, புது டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை இன்னும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஆம்பூரிலிருந்து: நான் ஷூ கம்பெனியில் வேலை. நம்ம ஊர் தோல் செருப்பு போட்டுக்கொண்டு போகலாமா?

உங்களுக்கே தெரியும் தம்பி, உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். ரப்பர் செருப்பு போதும். இரண்டு குடியாத்தம் லுங்கி எடுத்துப் போங்கள். விரிப்பு, துண்டு, உடை மாற்றும்போது மறைப்பு எல்லாம் அதுவே. சீக்கிரம் காயும்.

ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: ஹிந்தி தெரியாது. சைவம் மட்டும்தான். செல்லுலார் சிறை பார்க்க வேண்டும்.

அம்மா, ஹிந்தி இல்லாமலே சமாளிக்கலாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய. அபர்தீன் பஜாரில் இட்லி, சாப்பாடு தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. ஹேவ்லாக்கில் மட்டும் சைவ விலை கொஞ்சம் ஜாஸ்தி.

சிறை 1906ல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் நிற்கின்றன. மாலை ஒலி ஒளிக் காட்சியையும் பார்த்துவிடுங்கள். எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வந்தது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை இலங்கைத் தீவிலிருந்து இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1832ல் வேலூரிலேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அவரை ஒரு தீவிலிருந்து இங்கே அனுப்பினார்கள், இங்கிருந்தவர்களை அந்தமான் தீவுக்கு.

வாலாஜாவிலிருந்து: நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

செய்யலாம், பயிற்சியாளர் பிடியை விடமாட்டார். ஆஸ்துமா, காது வலி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சிலிண்டர் மாட்டிக் கடலடியில் மூழ்கி வந்து 18 மணி நேரமாவது ஆன பிறகே விமானம் ஏற வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழாகிவிடும். ஆகவே ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஆற்காட்டுக்காரர் கவனிக்க: இது அந்த 40,000க்குள் வராது.

சோளிங்கரிலிருந்து: கரையில் கிடக்கும் பவளத்துண்டு, சங்கு எடுத்து வரலாமா?

கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். கடையில் சங்கு வாங்கினால் பில் வைத்துக்கொள்ளுங்கள்.