மானிட்டர் இருண்டால் பேனல் போய்விட்டதா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 22 அங்குல எல்இடி மானிட்டர், வாங்கி 4 வருடம் ஆகிறது. ஒரு வாரமாக ஸ்விட்ச் போட்டால் இரண்டு நொடி படம் வருகிறது, உடனே இருண்டுவிடுகிறது. பவர் லைட் மட்டும் எரிகிறது. வந்து பார்த்தவர், "பேனல் போச்சும்மா, புதுசு வாங்கிருங்க" என்கிறார். புதியது 7,500 ரூபாய். வாங்கிவிடவா? – ஒரு வாசகி

பதில்: பொறுங்கள், சகோதரி. பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, கெட்டால் பெரும்பாலும் திரையில் கோடு விழும், ஒரு பக்கம் கறுக்கும். இரண்டு நொடி நல்ல படம் காட்டிவிட்டு மொத்தமாக இருள்வது வேறு கதை. எல்இடி மானிட்டர் என்று சொன்னாலும் உள்ளே இருப்பது எல்சிடி பேனல்தான், அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் இருக்கும் எல்இடி பட்டைதான் அதற்கு விளக்கு. அந்தப் பட்டையில் ஒரு பல்பு போனாலும், பாதுகாப்புக்காக மொத்த விளக்கையும் சர்க்யூட் அணைத்துவிடும்.

இன்று இரவு கடை விளக்கை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே மொபைல் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது. அந்த டார்ச் வெளிச்சத்திலேயே மானிட்டரின் மெனுவுக்குள் போய் பிரைட்னஸை நன்றாகக் குறைத்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இப்போது படம் இருளாமல் நின்றால், அடாப்டர் சுமை தாங்காமல் தவிக்கலாம், அல்லது எல்இடி பட்டை சாகிற நிலையில் இருக்கலாம். அடாப்டர் வெளியே இருக்கும் மாடலானால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பழையதில் போட்டிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. பின்னைத் தலைகீழாக மாற்றி மாட்டும் ரகமாக இருந்தால் பிளஸ் மைனஸையும் கவனியுங்கள்.

டார்ச்சில் ஒன்றுமே தெரியாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். நம் ஊரில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று தின்றது, கேபிள் முனை எம்மாத்திரம்? பச்சை படிந்திருந்தால் அதுதான் குற்றவாளி. கேபிளை மாற்றினால் போதும்.

எல்லாம் பார்த்தும் எல்இடி பட்டைதான் என்றால், மூடியைத் திறந்து பட்டை மாற்றத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டில் திறக்காதீர்கள், பவர் போர்டு உள்ளேயே இருக்கும் மாடல்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். என் கணக்கு இது: 2,500 ரூபாய்க்குள் முடிந்தால் சரிசெய்யுங்கள். அதற்கு மேல் கேட்டாலோ, உண்மையிலேயே பேனல்தான் என்றாலோ புதியது வாங்கிவிடுங்கள். பேனல் விலையும் புதிய மானிட்டர் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வாங்குவதானால் அடாப்டர் வெளியே இருக்கும் மாடலாகப் பாருங்கள், நாளைக்கு அது கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வாரண்டி 3 வருடமா, துருப்பிடித்தால் செல்லுமா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா அல்லது மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். சீரியல் எண் போட்ட பில் வாங்கி, மொபைலில் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கடை பூட்டியிருந்தாலும் தினம் ஒரு மணி நேரமாவது மானிட்டரைப் போட்டு வையுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் காயும்.